தகவல் கோட்பாட்டின் அடிப்படைச் சொற்கள்: கேள்வி பதில்

மேலூர் மாணவி: சார், தகவலை எப்படி அளக்கிறது? செய்தியோட அர்த்தம்தானே தகவல்?

இந்தக் கணக்கில் அர்த்தத்துக்கு வேலையே இல்லைம்மா. தகவல் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானன் தன் 1948 கட்டுரையின் தொடக்கத்திலேயே அதை ஒதுக்கிவிட்டார். நிகழ்தகவின் தலைகீழிக்கு 2-ஐ அடிமானமாக வைத்து மடக்கை எடுங்கள், வருவது பிட். நிகழ்தகவு 1/8 என்றால் 3 பிட். ‘சித்திரையில் மதுரையில் வெயில்’ என்பதற்கு ஏறத்தாழ பூஜ்யம்.

திருமங்கலத்திலிருந்து: அப்ப என்ட்ரோபின்னா என்னண்ணே?

ஒவ்வொரு செய்திக்கும் வரும் பிட் அளவின் சராசரி, நிகழ்தகவால் எடைபோட்டு. மாட்டுத்தாவணியில் அடுத்துக் கிளம்பும் பஸ் மேலூருக்கு 1/2, திருச்சிக்கு 1/4, நெல்லைக்கும் ராமேஸ்வரத்துக்கும் தலா 1/8 என்று வைத்துக்கொள்வோம். 1/2×1 + 1/4×2 + 1/8×3 + 1/8×3 = 1.75 பிட். முறையே 0, 10, 110, 111 என்று குறியீடு கொடுத்தால் சராசரி நீளமும் அதே 1.75. நான்கும் சமவாய்ப்பு என்றால் 2 பிட்.

பலர் சறுக்குவது இங்கேதான். என்ட்ரோபி, செய்திகளைத் தரும் மூலத்துக்கு உண்டு, தனி ஒரு செய்திக்குக் கிடையாது. 010101… என்று போகும் ஃபைலில் 0, 1 எத்தனை என்று மட்டும் எண்ணினால் குறிக்கு 1 பிட் வரும். முந்தைய குறியையும் பார்த்தால் பூஜ்யம். எந்த நிகழ்தகவு மாதிரியை (மாடல்) வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று சொல்லாத என்ட்ரோபி எண்ணை நம்பாதீர்கள்.

கல்லூரி மாணவர்: பைதான்ல நாணயம் சுண்டுறதோட என்ட்ரோபிக்கு 1 வராம 0.693 வருது.

இயல் மடக்கை போட்டிருக்கிறீர்கள் தம்பி. அது நாட் அலகு. பிட்டாக மாற்ற 0.693-ஆல் வகுங்கள். நிகழ்தகவு 0 வரும் இடத்தில் அந்த உறுப்பை 0 என்றே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரோகிராம் பிழை காட்டி நிற்கும்.

அண்ணா நகர், சாஃப்ட்வேர் வேலை: ‘மதுரை’ங்கிற சொல், எழுத்தைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறைல 15 பைட். அப்ப 120 பிட் தகவலா?

120 என்பது பிடிக்கும் இடம். மூன்றெழுத்துச் சொல், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என 5 குறியீட்டுப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அந்த 24 பிட்டில் தமிழ்க் குறிகளுக்குள் முதல் பைட் மாறவே மாறாது, இரண்டாவதில் இரண்டே வகை, மூன்றாவதில் 6 பிட் மாறும். ஆக, மாறக்கூடியது 7 பிட்தான். அந்த ஏழிலும் மொழி தடை போடுகிறது: ‘ங்’ வந்தால் அடுத்தது பெரும்பாலும் ககரம். இப்படி ஊகிக்க முடிகிற பங்குதான் மிகைமை. ஜிப் அதைத்தான் உறிஞ்சுகிறது. ஜிப்பை மறுபடி ஜிப் செய்தால் உறிஞ்ச ஒன்றும் இராது. தலைப்புத் தகவல் சேர்ந்து ஃபைல் கொஞ்சம் பெருக்கவும் செய்யும். என்கிரிப்ட் செய்வதானால் சுருக்கிய பிறகு செய்யுங்கள். முதலிலேயே செய்துவிட்டால் சுருங்காது.

உசிலம்பட்டியிலிருந்து: அனுப்புற வழில பத்துக்கு ஒரு பிட் புரண்டா (0 ஒண்ணாவோ, 1 பூஜ்யமாவோ மாறினா), 90 சதவீதம் போய்ச் சேருதுன்னு சொல்லலாமா?

கூடாது. எது புரண்டது என்று பெறுபவருக்குத் தெரியாதே! அந்தக் குழப்பத்தின் அளவு 0.469 பிட்; சேனலின் (அனுப்பும் வழியின்) கொள்ளளவு, அதாவது ஒரு பிட் அனுப்பினால் நம்பகமாகப் போய்ச் சேரக்கூடிய உச்ச அளவு, 1−0.469, அதாவது 0.531. பிட் புரளாமல் அழிந்துபோய், அழிந்த இடமும் தெரிந்தால் மட்டுமே 0.9. பாதி புரண்டால் கொள்ளளவு பூஜ்யம். எல்லாமே புரண்டால் திரும்ப 1, திருப்பிப் போட்டால் போதும். ஒவ்வொரு பிட்டையும் மும்முறை அனுப்பிப் பெரும்பான்மை பார்த்தால் வேகம் மூன்றில் ஒன்றாகும், பிழையோ 2.8 சதவீதம் மிச்சம். நல்ல குறியீடு இருந்தால் 0.531-க்குக் கீழ் எந்த வேகத்திலும் பிழையை வேண்டிய அளவு குறைக்கலாம். அதற்குப் பிட்களை நீண்ட கட்டங்களாகச் சேர்த்து அனுப்ப வேண்டும், தாமதம் கூடும்.