கண்ணாடியை மாற்றியும் வரி தவறுகிறதே!

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. பார்க்கின்சன் நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை சாப்பிடுகிறார். அதை நாளொன்றுக்கு 6 மில்லிகிராமாகக் கூட்டியதிலிருந்து, செய்தித்தாள் படிக்கும்போது அடுத்த வரியைப் பிடிக்க முடியாமல் தடுமாறுகிறார். எழுத்தும் மங்குகிறதாம். புதுக் கண்ணாடியாலும் பயனில்லை. கண் தசை தளர்ந்துவிட்டதா, டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இந்த மாத்திரையால் விழியை அசைக்கும் தசைகள் தளர்வதில்லை அம்மா. அந்தத் தசைகளும் நரம்புகள் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளால்தான் இயங்குகின்றன. ஆனால் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கு வேறு வகை. மாத்திரை தடுப்பது கண்பாவையிலும் கண்ணீர்ச் சுரப்பியிலும் மூளையிலும் உள்ள மஸ்கரினிக் என்ற வகை ஏற்பிகளை. பாவை விரிந்து, கண்ணும் உலர்ந்தால் எழுத்து மங்கத்தான் செய்யும். இளையவர்களுக்குக் கிட்டத்தில் குவிக்கும் தசையும் முடங்கும். 68 வயதில் அந்தத் திறன் ஏற்கெனவே போயிருக்கும்.

வரி தவறுவது மூளை சார்ந்தது. படிக்கும்போது பார்வை தாவித் தாவித்தான் போகிறது. வரி முடிந்ததும் இடது ஓரத்துக்கு ஒரு நீண்ட தாவல். பார்க்கின்சன் நோயிலேயே அது எட்டாமல் குறுகிவிடும். இந்த நோயாளிகளை என் பேனா முனையையும் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்க்கச் சொன்னால், ஒரே தாவலில் சேர வேண்டிய பார்வை இரண்டு மூன்று எட்டு வைத்துப் போவதைப் பார்க்கிறேன். இந்த மாத்திரையின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கோபலமின் என்ற மருந்து, நோயில்லாதவர்களுக்கே தாவலின் வேகத்தைக் குறைக்கிறது. கவனத்தையும் மந்தமாக்குகிறது.

இந்த வகை மருந்துகள் மீது எனக்குப் பகை இல்லை. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு ஊசிக்குப் பிறகு விழிகள் மேலே செருகி நின்றுவிடும் சில இளைஞர்களுக்கு, இவ்வகை ஊசி ஒன்று போட்டால் சீக்கிரமே விழி இறங்கிவிடும். முதியவருக்கு இதைக் கூட்டிக்கொண்டே போவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மறதி, மலச்சிக்கல், மனக்குழப்பம் எல்லாம் கூடவே வரும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் விறைப்பும் நடுக்கமும் மோசமாகும். மாத்திரை போட்ட நேரத்தையும் படிக்கத் தடுமாறிய நேரத்தையும் ஒரு வாரம் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சளிக்குக் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் என்று எதுவும் சேர்கிறதா என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் இந்த மாத்திரையைப் போலவே அதே ஏற்பிகளைத் தடுப்பவை. அளவைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, கூடவே வாந்தி வந்தாலோ காத்திருக்க வேண்டாம். கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) திடீரெனத் தாக்கியிருக்கலாம்; இரவானாலும் உடனே கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.