கூண்டு மீன் கடல் சூட்டை எப்படித் தாங்கும்?

கேள்வி: என் மகன் நார்வேயில் வேலை பார்க்கிறான். அங்கே கடலில் வலைக்கூண்டு கட்டி ட்ரவுட் மீன் வளர்க்கிறார்களாம், கடல் சூடேறினால் தீனியையே நிறுத்திவிடுவார்களாம். வாடிக் கிடக்கிற மீனைப் பட்டினி போடுவது பாவமில்லையா? அது எப்படித்தான் தாக்குப்பிடிக்கிறது? எங்கள் பண்ணைக் குட்டையில் அதை வளர்க்கலாமா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: அந்த நேரத்தில் தீனி போடுவதுதான் அம்மா பாவம். அடுப்பில் தண்ணீர் வைத்தால், கொதிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பாத்திரத்தின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி ஒட்டுமே, அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. சூடு பட்டதும் கிளம்பிவிடுகிறது. கடலிலும் இதே கதைதான். 10 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும், 20 டிகிரியில் ஏழரைக்கும் கீழே போய்விடும். மீனின் உடம்போ தண்ணீரோடு சேர்ந்து சூடேறி, முன்னைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைகிற நேரம் பார்த்துச் செலவு ஏறுகிறது. தின்றதைச் செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும், அந்தச் செலவையாவது மிச்சம் பிடிக்கத்தான் தீனியை நிறுத்துகிறார்கள்.

ட்ரவுட்டுக்கு 12 முதல் 16 டிகிரி வரை சுகம். 20 தாண்டினால் தவிக்கும், 25 பக்கம் போனால் பிழைப்பது கஷ்டம். முதலில் செவுள் மூடியைப் படபடவென அடித்துத் தண்ணீரை அதிகமாக உள்ளே தள்ளும். ஆனால் கடல்நீர் அதன் ரத்தத்தைவிட உப்பு கூடியது, ஆக்சிஜனுக்காகச் செவுளைத் திறந்து கொடுக்கக் கொடுக்க உப்பும் உள்ளே வரும், உடம்பு நீர் வெளியே போகும், வந்த உப்பை வெளியேற்ற மறுபடியும் சக்தி வேண்டும். இதயத்துக்கு இன்னும் மோசம். அதற்குள் வருவது உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தம். இதயத்தின் உள்சதை அந்த மிச்சத்தை வைத்துத்தான் பிழைக்கிறது, அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் துடிப்பு தாளம் தப்பிவிடும். இதை முதலில் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

கூண்டில் இல்லாத மீன் ஆழத்துக்கு ஓடிவிடும். கூண்டு மீன் வலை எட்டுகிற வரைதான் இறங்கலாம், சில இடங்களில் அதுவும் முடியாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியாத் தீவின் மெக்குவாரி துறைமுகத்தில் கோடையில் மேலே வெதுவெதுப்பு, கீழே ஆக்சிஜன் பஞ்சம், நடுவில் மாட்டிக்கொள்கிறது மீன். அதனால் வளர்ப்பவர்கள் தண்ணீருக்குள் ஆக்சிஜன் விடுகிறார்கள், கூண்டில் நெரிசலைக் குறைக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பெம்பர்டன் குஞ்சு பொரிப்பகத்து ட்ரவுட், பல தலைமுறையாகக் கோடையில் பிழைத்தவற்றின் வாரிசு, சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கொஞ்சம்தான்.

உங்கள் குட்டைக்கு ட்ரவுட் வேண்டாம். சித்திரையில் மேலூர்ப் பக்கம் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் ட்ரவுட் பொரிப்பகம் வைத்தார்கள் என்றால் அங்கே இருக்கிற குளிருக்காகத்தான். உங்களுக்குக் கட்லா, ரோகு போதும். அப்புறம் ஒன்று, விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தால் பசி என்று நினைத்துத் தவிட்டை அள்ளிப் போடாதீர்கள். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் மூச்சுவிட்டு ஆக்சிஜன் தீர்ந்திருக்கிற நேரம் அது. மோட்டாரைப் போட்டு, குழாயை உயரத்தில் கட்டி, தண்ணீர் சிதறி விழுகிற மாதிரி விடுங்கள்.