யூரோபா யுனிவர்சாலிஸ் 4 என்ற வியூக வீடியோ கேம் ஓடும் லேப்டாப்பில் 5 ஓடுமா?

8 ஜிபி ராமில் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குறைந்தபட்சமே 16 கேட்கிறது. இரண்டையும் இயக்கும் அடிப்படை மென்பொருள் ஒரே கிளாஸ்விட்ஸ் இஞ்சின்தானே என்கிறீர்கள். பெயர்தான் ஒன்று. 2007-ல் மூன்றாம் பாகத்தோடு வந்த அந்த இஞ்சின் அப்புறம் நிறைய மாறிவிட்டது.

நான்கில் ஒரு மாகாணம் என்பது சில எண்கள்தான். ஐந்தில் ஒவ்வொரு இடத்திலும் மக்கள்தொகை, அவர்களின் மதம், பண்பாடு, ஒவ்வொரு சந்தையிலும் விலை எல்லாம் ஓயாமல் கணக்காகிக்கொண்டே இருக்கும். இந்த ஆழத்துக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம்! ஆனால் அந்தச் சுமை பெரும்பாலும் பிராசசர் தலையில்தான் விழும். கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் பணம் போடாதீர்கள்.

இதே கம்பெனியின் இன்னொரு கேமான விக்டோரியா 3 இருந்தால், கேமுக்குள் 1900-ம் ஆண்டைத் தாண்டிய ஆட்டத்தை முழு வேகத்தில் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மொத்த சிபியு (பிராசசர்) பயன்பாடு குறைவாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். கிராஃபில் ரைட் கிளிக் செய்து கோர் வாரியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் உச்சியில் நின்றால் தடை அங்கேதான்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ராம் வாங்கக் கிளம்பும் முன், லேப்டாப்பில் அதைப் பொருத்த ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் 2 மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்துத் திருப்பலாம்தான், ஆனால் ஆட்டத்தின் பின்பாதியில் வரும் மந்தம் அதற்குள் தெரியாது.