ஒருநாள் கொத்தனார்கள்

அன்புள்ள ஐயா,

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை கம்பெனி ஏற்பாட்டில் ஆனேக்கல் பக்கம் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் தன்னார்வப் பணிக்குப் போனோம். மஞ்சள் ஹெல்மெட், டி-ஷர்ட், குரூப் போட்டோ எல்லாம் உண்டு. நாங்கள் வைத்த மூன்று வரிக் கல்லையும் சாயங்காலம் மேஸ்திரி சத்தமில்லாமல் பிரித்துவிட்டு மறுபடி வைத்தார். வீட்டுக்கார அம்மா தருமபுரிப் பக்கத்துக்காரர். எங்களுக்கு டீ போட்டே களைத்துப்போனார். பஸ் வாடகையையும் டி-ஷர்ட் காசையும் அவர் கையிலேயே கொடுத்திருக்கலாமே? இன்னொன்று. பேனரில் 'மின்சாரம் மிச்சப்படுத்தும் வீடு' என்று இருந்தது. ஒரு ஃபேனும் ரெண்டு பல்பும் உள்ள வீட்டில் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது?

ச., பொம்மனஹள்ளி

அன்புள்ள ச.,

மேஸ்திரி செய்தது சரி. தூக்குக்குண்டுக்கு ஒத்துவராத சுவர் ஓரம் பிள்ளைகளைப் படுக்கவைக்க யாருக்கும் மனசு வராது. உங்கள் மேலும் தப்பில்லை. கொடுத்த வேலைதான் உங்களுக்கானது இல்லை.

தன்னார்வலர்கள் சேர்ந்து ஏழைகளுக்கு வீடு கட்டும் இந்த வழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1976-ல் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற சின்ன ஊரில் மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் ஹேபிட்டாட் ஃபார் ஹியூமானிட்டி என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வீடு இனாமில்லை. லாபம் வைக்காத கடனாக விலையை அடைக்க வேண்டும். குடும்பம் உடலுழைப்பும் தர வேண்டும். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984-லிருந்து சுத்தியலோடு போய் நின்றதில் பேர் பரவியது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பக்கமும் வந்தார். ஆனால் அமெரிக்க வீடு பெரும்பாலும் மரச்சட்டம். குறித்த இடத்தில் ஆணி அடிக்கத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு சுவர் எழுந்துவிடும். நம்மூர்ச் சுவர் கொத்தனாரின் கைப்பழக்கம். கலவை எவ்வளவு இளக்கம், கல்லை எப்படித் தட்டி உட்காரவைப்பது என்பதெல்லாம் சித்தாளாக இருந்து வருஷக்கணக்கில் பார்த்துப் பழகுவது. (பெண்களை மட்டும் கடைசிவரை சித்தாளாகவே வைத்திருப்பார்கள், அது வேறு கதை.)

பழக்கமில்லாத கைக்கும் உருப்படியான வேலை பெங்களூரிலேயே இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் விஞ்ஞானி அமுல்ய ரெட்டி 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' மையம் ஆராய்ந்து வளர்த்த, சுடாத மண்கல் செய்வது. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அஸ்திவாரம் தோண்டும் செம்மண்ணையே சலித்து, தேவைக்கு மணல் சேர்த்து, 100-க்கு 7 பங்கு போல சிமென்ட் போட்டுக் கலக்க வேண்டும். பதம் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி உருட்டி இடுப்புயரத்திலிருந்து கீழே போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் போதாது. சப்பென்று அப்படியே கிடந்தால் அதிகம். பிறகு கையால் இயக்கும் அழுத்துபொறியின் அச்சில் நிரப்பி, நீளமான கைப்பிடியை உடம்பு எடை முழுக்கப் போட்டு அழுத்த வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தே தேயும் ஐ.டி. முதுகுக்கு நல்லதும்கூட. கல்லை அடுக்கிச் சாக்கு போர்த்தி மூன்று நான்கு வாரம் விடாமல் தண்ணீர் தெளிக்கணும். சனிக்கிழமைக் கூட்டம் காணாமல்போவது இங்கேதான். போட்டோவுக்கு வராத வேலை. ஆனால் தண்ணீர் காட்டாத கல் மழைக்குத் தாங்காது.

இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. ஊருக்குப் போகும் ரயில் மாலூரைத் தாண்டும்போது செங்கல், ஓட்டுத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சூளையில் எரிவது கரண்ட் பில்லில் வராத எரிபொருள். மண்கல்லுக்குச் சூளை கிடையாது.

மீதி கூரையில். 2024 ஏப்ரலில் பெங்களூரே 38 டிகிரியைத் தாண்டியது. தகர ஷீட்டுக்கு அடியில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ஓடு பதித்த கூரை இதற்கு நல்ல வழி. கான்கிரீட் கூரைத் தளத்தின் அடிப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பி, அங்கே கான்கிரீட் வெறும் நிரப்பு. அதனால் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டை வைத்துவிடுகிறார்கள். சிமென்ட் குறைகிறது, ஓடுகளுக்கிடையே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. இதற்கும் வழியில்லையென்றால் ஷீட்டின் மேல் கெட்டியாக வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடலாம். அதை நீங்களே அடிக்கலாம், மேஸ்திரி பிரிக்க மாட்டார். யூனிட் பெரிதாகக் குறையாது என்று நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் மத்தியானம் வீட்டுக்குள் உட்கார முடியும்.

பணம் தாராளமாகக் கொடுங்கள், கூரைக்கென்று சொல்லிக் கொடுங்கள். சொந்த மனையில் கட்டுபவர்களுக்கு நகர்ப்புறப் பிரதமர் ஆவாஸ் திட்டத்தில் மத்திய அரசு தருவது ஒன்றரை லட்சம். அதுவும் வேலை ஏறுவதைப் பார்த்துத் தவணையாகத்தான் வரும். கைக்காசு சுவரோடு தீர்ந்துபோன வீடுகள்தான் கடைசியில் தகர ஷீட்டுக்குப் போகின்றன.