அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநில வெள்ளையர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்களா?

இல்லை. எனக்கு அதைப் புரியவைத்தது மிசிசிப்பி மாநிலத்தின் ஜோன்ஸ் கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி, ஆனால் ரொம்பச் சின்னது. 1860 கணக்கெடுப்பில் அங்கே மொத்தமே 3,323 பேர். அதில் அடிமைகள் 407. மாநிலம் முழுவதையும் எடுத்தால் பாதிக்கு மேல் அடிமைகள். வித்தியாசத்துக்குக் காரணம் மண்தான். பைன் காடும் மணல் நிலமும் பருத்திக்கு ஆகாது. மக்காச்சோளம் விதைத்து, பன்றி வளர்த்து வயிறு கழுவிய குடும்பங்கள்.

அமெரிக்காவை விட்டு மிசிசிப்பி பிரிவதா என்று முடிவெடுக்க 1861-இல் மாநில மாநாடு கூடியது. பிரிவினை வேண்டாம் என்று சொல்லத்தான் ஜான் பவல் என்பவரை ஜோன்ஸ் மக்கள் அங்கே அனுப்பினார்கள். அவரோ பிரிவினைக்கு வாக்களித்துவிட்டார். அடுத்த ஆண்டு வந்த சட்டம் இன்னும் மோசம்: 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படையிலிருந்து விலக்கு. ஏழைக்கு அந்த விலக்கு ஏது? ஆண்கள் போர்முனையில் இருக்க, 1863-லிருந்து விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தென்மாநில அரசு வரியாக அள்ளியது. புகைபோட்டு வைத்த பன்றி இறைச்சியைக்கூட விடவில்லை.

அந்த ஜூலையில் மிசிசிப்பியின் கோட்டை நகரமான விக்ஸ்பர்க் வடக்குப் படையிடம் விழுந்ததும் பலர் தென்மாநிலப் படையை விட்டு வீடு திரும்பி, லீஃப் ஆற்றுச் சதுப்பில் பதுங்கினார்கள். அக்டோபரில் நியூட்டன் நைட் என்ற உள்ளூர் விவசாயி தலைமையில் ஒரு படையே திரண்டது. சோறு போட்டவர்கள் பெண்கள். நைட்டின் தாத்தா குடும்பத்தில் அடிமையாக இருந்த ரேச்சலும் உதவினார். அடிமைகளின் துணை இல்லாமல் இவர்கள் தாக்குப்பிடித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அதற்காக எல்லோரையும் அடிமை ஒழிப்புப் போராளிகள் ஆக்கிவிடவும் கூடாது. பலருக்கு அது வீட்டையும் வயலையும் காக்கும் சண்டைதான்.

1864 ஏப்ரலில் தென்மாநிலப் படையின் கர்னல் ராபர்ட் லௌரி வேட்டைநாய்களோடு வந்து, பிடிபட்டவர்களில் சிலரைத் தூக்கில் போட்டார். பின்னாளில் அவரே மாநில ஆளுநரும் ஆனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

போருக்குப் பிறகு நைட் ரேச்சலோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றார். 1922-இல் இறந்தவரை ரேச்சலின் கல்லறைக்கு அருகிலேயே புதைத்தார்கள். அவர்கள் வழிவந்த டேவிஸ் நைட் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக, 1948-இல் அதே ஜோன்ஸ் கவுண்டியில் குற்றவாளி என்று தீர்ப்பானது. கறுப்பரும் வெள்ளையரும் மணப்பது அப்போது அங்கே சட்டப்படி குற்றம்; கொள்ளுப்பாட்டி ரேச்சலின் நிறம் என்ன என்பதுதான் விசாரணையே. மறு ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.