தாடை வலி: எங்கேர்ந்து வருது, யாருகிட்ட போறது? கேள்வி பதில்

நான் தாடை, முக வலி பார்க்கிற பல் டாக்டர். தாடை வலி பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு நிறைய கேள்வி வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததை சேர்த்து எழுதறேன். நேர்ல பார்க்காம உங்களுக்கு இன்ன வியாதின்னு சொல்ல முடியாது, எந்த வலிக்கு எந்த கதவைத் தட்டணும்னு சொல்ல முடியும்.

கேள்வி: மேடம், காதுகிட்ட ரெண்டு மாசமா வலி. காது டாக்டர் காது நல்லா இருக்குன்னுட்டார், பல் டாக்டர் பல்லும் ஓகேன்னுட்டார். அப்புறம் எங்கதான் வலிக்குது?

காதுக்கு நேர் முன்னாடி விரலை வச்சு வாயைத் திறந்து மூடுங்க, உள்ள ஒண்ணு உருள்ற மாதிரி தெரியும், அதுதான் தாடை மூட்டு. காதுக்கு அவ்வளவு பக்கத்துல இருக்கறதால அங்க வலிச்சா காதுவலின்னுதான் தோணும். இப்போ பல்லைக் கடிச்சுக்கிட்டு கன்னத்தைத் தொடுங்க, கட்டியா எழும்புதுல்ல, அது மெல்லுற தசை. நெத்திப் பொட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு. இந்த தசையில வலி இருந்தா அது பல்லுலயும் காதுலயும் தலையிலயும் போய் எதிரொலிக்கும், அதனாலதான் நல்ல பல்லுக்கு ரூட் கேனல் பண்ணிட்டு வலி போகலன்னு வர்றவங்க இருக்காங்க, பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும். தசையை அழுத்தும்போது "ஆமா, எனக்கு வர்ற வலி இதேதான்"னு சொன்னீங்கன்னா பாதி விடை கிடைச்சாச்சு. முக வலி பார்க்கிற பல் டாக்டர், இல்லன்னா வாய் முகத்தாடை அறுவை நிபுணர் கிட்ட போங்க. அறுவைன்னு பேர்ல இருக்கேன்னு பயப்படாதீங்க, அங்க வர்ற தாடை வலிக்காரங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கத்தியே தேவைப்படாது.

கேள்வி: வாய் திறந்தா டக் டக்னு சத்தம் வருது, வலி இல்ல. சரி பண்ணணுமா?

வேண்டாம். மூட்டுக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு, அது கொஞ்சம் முன்னாடி நகர்ந்திருந்தா திறக்கும்போது எலும்பு அது மேல ஏறுற சத்தம்தான் அது. வலியும் இல்ல, வாயும் நல்லா திறக்குதுன்னா விட்டுடுங்க. சத்தம் வருதான்னு அடிக்கடி திறந்து திறந்து பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: எனக்கும் அந்த சத்தம் இருந்துச்சு டாக்டர், போன வாரம் சத்தம் திடீர்னு நின்னு போச்சு, ஆனா வாய் ரெண்டு விரல் அளவுதான் திறக்குது.

உங்க ஆளுகாட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூணையும் சேர்த்து செங்குத்தா முன்பல்லுக்கு நடுவுல வச்சா நுழையணும், சாதாரணமா 4 சென்டிமீட்டருக்கு மேல திறக்கும். நகர்ந்த ஜவ்வு திரும்ப இடத்துக்கு வராம வழியில நின்னுட்டா சத்தம் நின்னுடும், வாயும் பாதியில பிடிச்சுக்கும், கண்ணாடியில பாருங்க, திறக்கும்போது தாடை பிடிச்சுக்கிட்ட மூட்டு இருக்கிற பக்கமா கோணும். இதுக்கு இந்த வாரமே போய்க் காட்டுங்க, ஆரம்பத்துல வந்தா கையாலயே மெதுவா விடுவிக்க முயற்சி பண்ணலாம். அப்பவும் முடியலன்னா பிசியோதெரபி, அதுக்கு மேல ஊசி வழியா மூட்டைக் கழுவுற சின்ன சிகிச்சை. நீங்களா பலமா இழுத்துத் திறக்காதீங்க. காய்ச்சல், வீக்கம், விழுங்க சிரமம் இதோட வாய் திறக்கலன்னா அது பெரும்பாலும் மூட்டு இல்ல, பல் சீழோ கடவாப்பல் தொற்றோ பரவுறதா இருக்கலாம், நேரா எமர்ஜென்சி.

கேள்வி: பல் வரிசை சரியில்லாததாலதான் தாடை வலி, பல்லை ராவி விடணும், கிளிப் போடணும்னு சொல்றாங்க. செலவு நிறைய, பண்ணலாமா அக்கா?

கொஞ்சம் நிறுத்துங்கம்மா. ஒரு காலத்துல கடி, அதாவது மேல்பல்லும் கீழ்பல்லும் பொருந்துற விதம், சரியில்லாததுதான் காரணம்னு நினைச்சு அப்படித்தான் பண்ணாங்க. இப்போ ஆராய்ச்சி அந்தப் பக்கம் இல்ல, பல் வரிசை கோணலா இருக்கிற எத்தனையோ பேருக்கு தாடை வலியே கிடையாது, அழகான வரிசை இருக்கிறவங்களுக்கும் வலி வருது. ராவின பல் திரும்ப வளராது. தாடை வலியில பெரும்பாலானது வாரங்கள்லயோ சில மாசத்துலயோ சாதாரண வைத்தியத்துலயே அடங்கிடும், அப்படி அடங்கக்கூடிய ஒண்ணுக்கு திரும்பப் பெற முடியாத ஒரு வேலையை முதல்லயே பண்றது நியாயமே இல்ல. கிளிப் வேற காரணத்துக்கு வேணும்னா போட்டுக்கோங்க, வலிக்குன்னு போடாதீங்க. இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, அதுல யாருக்கும் கோபம் வரக்கூடாது.

கேள்வி: ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறேன்னு வீட்ல சொல்றாங்க. ஆன்லைன்ல பல்லு மேல மாட்டுற கார்டு (உறை) வாங்கிப் போடலாமா?

காலையில எழும்போது தாடை இறுகி வலிச்சா அளவெடுத்துச் செய்யற, எல்லாப் பல்லையும் மூடுற கெட்டியான கார்டு உதவும். அது கடிக்கிறதை நிறுத்தும்னு நினைக்காதீங்க, பல் தேயாம காக்கும், வலி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். முன்பல்லை மட்டும் மூடுற மாதிரி உள்ளதை ரொம்ப நாள் போட்டா கடியே மாறிடலாம். சில மனச்சோர்வு மாத்திரையால கூட கடிக்கிறது வரும், புதுசா ஏதாவது ஆரம்பிச்சீங்களான்னு யோசிங்க, ஆனா நீங்களா நிறுத்தாம எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட பேசுங்க. ராத்திரியை விட பகல்ல கடிக்கிறதுதான் பல பேருக்கு பிரச்சனையே, இப்போ இதைப் படிக்கும்போது உங்க மேல்பல்லும் கீழ்பல்லும் தொட்டுக்கிட்டு இருக்கா? சும்மா இருக்கும்போது தொடவே கூடாது, உதடு மூடியிருக்கணும், பல்லு விலகியிருக்கணும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயசு. சாப்பிட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல தாடை வலிக்குது, நிறுத்தினா போயிடுது. தலை சீவும்போதும் பொட்டுல வலிங்கறாங்க.

இதை தயவுசெஞ்சு இன்னைக்கே பாருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. 50 வயசுக்கு மேல இந்த மாதிரி வந்தா பொட்டு ரத்தக்குழாய் அழற்சியான்னு பார்த்தே ஆகணும், விட்டா திடீர்னு கண் பார்வை போகலாம், போனா பெரும்பாலும் திரும்பாது. உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை எடுப்பாங்க, சந்தேகம் பலமா இருந்தா மத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஸ்டீராய்டு ஆரம்பிப்பாங்க. பார்வை மங்கலா, ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னாங்கன்னா இந்த நிமிஷமே கிளம்புங்க.

கேள்வி: படி ஏறினா அப்பாவுக்கு கீழ்த்தாடை வலிக்குது, உட்கார்ந்தா சரியாகுது. பல்லா இருக்குமா சார்?

(மேடம்தான், பரவாயில்ல.) பல்லுக்கு படி ஏறுறது தெரியாது. நடந்தா வந்து நின்னா போற தாடை வலி இதயத்தோட வலியா இருக்கலாம், முதல்ல ஈசிஜி, இதய டாக்டர். உட்கார்ந்திருக்கும்போதே வந்து வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சு பாரம் சேர்ந்தா உடனே ஆம்புலன்ஸ்.

கேள்வி: முகம் கழுவினாலே ஷாக் அடிக்கிற மாதிரி சில நொடி வலி, ஒரு பக்கம் மட்டும்.

நரம்பு வலி மாதிரி இருக்கு, நரம்பியல் டாக்டரைப் பாருங்க. சாதாரண வலி மாத்திரை இதுக்குக் கேக்காது, கார்பமசெபின் மாதிரி தனி மருந்து இருக்கு. அதுவரைக்கும் பல்லைப் பிடுங்காதீங்க.

கேள்வி: சாப்பிட உட்கார்ந்தாலே தாடைக்குக் கீழ வீங்குது.

எச்சில் சுரப்பியில கல் இருக்கலாம், ஸ்கேன் பார்த்தா தெரிஞ்சுடும்.

கேள்வி: டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பத்து நாள் கழிச்சுதான், அதுவரை வீட்ல என்ன பண்றது?

தசை வலின்னா வெதுவெதுப்பான ஒத்தடம் கால் மணி நேரம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. மெல்லுறதுக்கு எளிதா இருக்கிறதை சின்னச் சின்னதா சாப்பிடுங்க, ஆனா முழுசா கஞ்சியாவே குடிச்சு தாடையை அசைக்காம வைக்காதீங்க, இறுகிடும். சூயிங்கம், நகம் கடிக்கிறது, போனை தோள்ல இடுக்கிப் பேசறது வேண்டாம். கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கை கொடுங்க. வலி மாத்திரை சில நாள் எடுக்கலாம், வயித்துப்புண், கிட்னி பிரச்சனை, ரத்தம் உறையாத மருந்து இருக்கிறவங்க இபுப்ரோஃபென் வகையை கேக்காம தொடாதீங்க. வாய் திறந்தபடியே மாட்டி மூட முடியலன்னாலோ, உதடு தாடை மரத்துப் போனாலோ பத்து நாள் காத்திருக்காதீங்க. போகும்போது வலி எப்போ வருது, எதால கூடுது, எவ்வளவு நேரம் இருக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, பழைய எக்ஸ்ரே இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க.