விமானத்தைக் கடத்தி வேறு நாட்டில் இறங்கிவிட்டால் தண்டனையிலிருந்து தப்பலாமா?

சட்டப்படி முடியாது. விமானத்தில் நடக்கும் குற்றங்கள் பற்றிய 1963 டோக்கியோ சர்வதேச உடன்படிக்கையில் பெரிய ஓட்டை இருந்தது: பயணிகளைப் பயணத்தைத் தொடர விட வேண்டும் என்றது, கடத்தியவரை ஒப்படைக்கச் சொல்லவில்லை. 1970 ஹேக் உடன்படிக்கை அதை அடைத்தது. ஆள் பிடிபட்ட நாடு அவரை விசாரிக்கக் கேட்கும் நாட்டுக்கு அனுப்ப வேண்டும். இல்லையேல், எந்த விதிவிலக்குமின்றி, தன் அரசு வழக்கறிஞர்களிடம் வழக்கை ஒப்படைத்தாக வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். பயணிகள் ஏறி வெளிக்கதவுகள் எல்லாம் மூடியதிலிருந்து, இறங்குவதற்கு ஒரு கதவு திறக்கும் வரைதான் ஹேக்கில் கடத்தல் கணக்கு. கதவு திறந்திருக்கும்போதே விமானத்தைப் பிடித்தால்? 2010 பெய்ஜிங் நெறிமுறை அதைச் சரிசெய்தது: பறப்புக்கு முந்தைய தயாரிப்பு தொடங்கியது முதல், தரையிறங்கி 24 மணி நேரம் வரை. ஆனால் அதை ஏற்ற நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும்.

கைது செய்ய மனமில்லாத இடத்தில் இறங்கினால் எல்லாம் வீண். 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி 814 விமானத்தைக் கடத்தியவர்கள், ஒரு பயணியைக் கொன்றிருந்தும், தலிபான் பிடியிலிருந்த ஆப்கானிஸ்தானின் காந்தகாரிலிருந்து கைதாகாமலே வெளியேறினார்கள்.